அல்லியின் முகம் அந்தப் பக்கம்

அல்லியின் முகம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உடம்பு இந்தப் பக்கம், என் கைகளுக்குள். அக்குளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றி ஸ்டேஷன் நடைபாலத்துக் கைப்பிடியின் இரும்பு. அவள் அழுகிறாள் என்பது எனக்கு அவள் முதுகில்தான் தெரிகிறது, விலா எலும்புகள் என் உள்ளங்கைக்குள் விரிந்து விரிந்து சுருங்குகின்றன, சத்தம் என்னை விட்டு வெளியே போய்க் கீழே இரண்டாம் பிளாட்பாரத்தின் மேல் விழுகிறது. அங்கே நிற்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கொய்யாப்பழக் கூடைக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்க்கிறாள். அவர்களுக்கெல்லாம் என் மகளுடைய முகம் தெரிகிறது. எனக்குத் தெரிவது பின்னந்தலை, ரெட்டைச் சடை, நடுவில் திலகா காலையில் எடுத்துவிட்ட வகிடு. அப்பா இங்கதான் இருக்கேம்மா, அப்பா பிடிச்சிருக்கேன், ஆடாத, ஆடாம இரு கண்ணு. எத்தனை தடவை சொல்லிவிட்டேன். அவள் காதில் விழுகிறதா? காது எந்தப் பக்கம் இருக்கிறது? காதுதான் மாட்டியிருக்கிறது என்கிறார்கள். போகும்போது மடங்கிக்கொண்டு போன காது, வரும்போது விரிந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. ஐந்து வயசுக் குழந்தையின் காது. பிறந்த அன்று அது தளிர் மாதிரி தலையோடு ஒட்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் நான் அதைத்தான் முதலில் தொட்டேன், திலகா சிரித்தாள், ஏன் எல்லாரும் விரலை எண்ணுவாங்க, நீ என்ன காதைப் பாக்கறே என்றாள். இப்போது அதை நினைக்காதே. கையைத் தளர்த்தாதே. தளர்த்தினால் பாரம் முழுக்கக் கழுத்துக்குப் போகும்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிளாட்பாரத்திலிருந்து எழும்பி வரும் வார்ப்பிரும்புத் தூண், அதன் உச்சியில் யாரோ ஒருவன் மண் அச்சில் இலை இலையாகச் செதுக்கி வார்த்திருக்கிறான், பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காகப் படிந்து இலையின் நரம்பெல்லாம் மூழ்கிவிட்டது, ஆனால் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும் நரம்பு தெரியும். அதை அல்லிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மட்டும்தான் அவள் எனக்கு. காலையில் திலகா ரயிலில் கூட்டிவந்து மாங்கரை சந்திப்பில் என்னிடம் விட்டுவிட்டுப் போவாள், மாலை ஐந்து மணி பாசஞ்சரில் வந்து கூட்டிப்போவாள். நடுவில் இருக்கிற நேரத்தில் ஒரு அப்பா என்ன செய்வான்? பூங்காவுக்குப் போனோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், எல்லாம் ஆன பிறகும் நேரம் இருந்தது, எனக்குக் காட்டத் தெரிந்தது இந்தப் பாலம்தான். தயாளன் சாரைக் கேளுங்க, பாலத்தைப் பத்தி விடிய விடியப் பேசுவாரு என்று பாலிடெக்னிக்கில் பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆமாம், பேசுவேன். விக்டோரியா ராணி காலத்தில் கிளாஸ்கோ ஊரில் வார்த்து, துண்டு துண்டாக எண் போட்டுக் கப்பலில் ஏற்றி, மதராஸ் துறைமுகத்தில் இறக்கி, வண்டியில் இங்கே கொண்டுவந்து, கொதிக்கக் கொதிக்க ரிவெட் ஆணி அடித்து மாட்டிய பாலம். தூண் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பக்கவாட்டுக் கர்டர் தேனிரும்பு, பட்டைப் பட்டையாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ரிவெட். தனியாகக் கைப்பிடிச் சுவர் என்று ஒன்று கிடையாது, பாலத்தைத் தாங்குகிற கர்டரே கைப்பிடிச் சுவர். அதுதான் அழகு என்று நான் வகுப்பில் சொல்வேன், வீணாக ஒரு பட்டைகூடக் கிடையாது, எல்லாம் சுமக்கிறது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் சாய்சதுரமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையின் அளவை யார் முடிவு செய்தது? கிளாஸ்கோவில் ஜன்னலோரம் ஒரு வரைபட மேசை, அதன்மேல் குனிந்த ஒருத்தன். இரும்பு எடை குறைய வேண்டும், கப்பல் கூலி குறைய வேண்டும், காற்று ஊடே போக வேண்டும், இத்தனை கணக்கும் போட்டிருப்பான். ஒரு குழந்தையின் தலையை அவன் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த ஓட்டையை அளந்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், பையன்களை வரையச் சொல்லி மார்க் போட்டிருக்கிறேன். கர்டரின் அடிப்பட்டை ஒரு சின்னப் படி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஏறி நின்று நடுவில் அகலமான இடத்தில் தலையை விட்டிருக்கிறாள். நான் திரும்பியது செருப்பு வழுக்கிய சத்தத்துக்கு. அதற்குள் கால் கீழே வந்துவிட்டது, கழுத்து சாய்சதுரத்தின் அடிமூலைக்கு இறங்கிவிட்டது, அவள் ஒரு மாதிரி கத்தினாள், அது மாதிரி ஒரு சத்தத்தை நான் இதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

"தேங்காண்ணெ ஊத்துங்க சார், வழுக்கிட்டு வந்துரும்" என்று ஒருவர் பாட்டிலோடு வந்தார். அவருடைய சம்சாரம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள், ஊருக்கு எடுத்துப்போகிற எண்ணெய். அவர் விரலை உள்ளே விட்டுக் கழுத்திலும் கன்னத்திலும் தடவினார். பின்னால் இழுத்தோம். அல்லி அலறினாள். விட்டுவிட்டோம். இப்போது எல்லாம் வழுக்குகிறது, தலையைத் தவிர. என் கையும் வழுக்குகிறது. அவள் கவுன் நனைந்து, எண்ணெயும் வேர்வையும் துருவும் கலந்த ஒரு வாசனை, இதே வாசனை, அப்போதெல்லாம் கையில் துரு அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவேன், திலகா சோப்பை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள், முதலில் சிரித்துக்கொண்டு நின்றாள், பிறகு சும்மா நின்றாள், பிறகு சோப்பு மட்டும் வாசலில் இருந்தது. யாரோ ஒரு மாணவன் தன் சூட்கேசை அல்லியின் காலுக்கடியில் தள்ளினான். நில்லும்மா, கால ஊனி நில்லு. அவள் நிற்கவில்லை. முழங்கால் மடிந்து மடிந்து போகிறது. ரயில்வே போலீஸ் பெண் ஒருவர் படியில் ஓடிவந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "நீங்க யாரு சார், அப்பாவா? மூச்சு விடுதா புள்ள? அழுவுதுல்ல, அழுதா பரவால்ல, அழட்டும்." பிறகு வாக்கி டாக்கியில் யாரிடமோ சத்தம் போட்டார். "யார்டுல இருந்து கேஸ் கட்டர் எடுத்துட்டு ஓடியாரச் சொல்லுங்க." நான் குறுக்கிட்டேன். "மேடம், கேஸ் கட்டர் வேணாம். தீ கன்னத்துக்குப் பக்கத்துல வரும். இரும்பு சூடு ஏறி மொத்தப் பட்டையும் கொதிக்கும்." "அப்புறம் என்னதான் சார் பண்றது?" என்ன பண்றது? நீதான் படித்தவன், நீதான் பாலத்து வாத்தியார், சொல்லு. ரிவெட் தலையை உளியால் வெட்டி எடுத்தால் பட்டை கொஞ்சம் விலகும். ஆனால் உளிமேல் விழுகிற ஒவ்வொரு அடியும் பட்டை வழியாக அவள் மண்டைக்குப் போகும். ரம்பம் போட்டு அறுக்கலாம், தேனிரும்பு நார் நாராக இருக்கும், நேரம் பிடிக்கும், பட்டை அதிரும். பிளந்து விரிக்கிற மெஷின் தீயணைப்பு நிலையத்தில் இருக்கும், அவர்கள் லெவல் கிராசிங்கைத் தாண்டி வரவேண்டும். எல்லாம் தெரிகிறது. இந்த இரும்பு எப்படி வந்தது, எப்படி வளையும், எப்படி உடையும், எல்லாம் தெரிந்த ஒருத்தன் கையில் என் குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. "கட்டர் இருக்கட்டும் மேடம். ஃபயர் சர்வீசுக்குச் சொல்லுங்க. தயவுசெஞ்சு." "சொல்லியாச்சு சார். நீங்க புள்ளையை விட்றாதீங்க."

விட்றாதீங்க. வக்கீலும் இதையேதான் சொன்னார், சனிக்கிழமையை மட்டும் விட்றாதீங்க சார், அதையும் விட்டீங்கன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஐந்து மணி வண்டி வரப்போகிறது. திலகா வருவாள். எப்போதும் முன்பெட்டியில் ஏறுவாள், இறங்கியதும் இரண்டாம் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சுக்கு வருவாள், அங்கே நானும் அல்லியும் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் பையைக் கொடுப்பேன், சாப்பிட்டாளா என்று கேட்பாள், சாப்பிட்டா என்பேன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒரு வருஷமாக அவ்வளவுதான். என்னை நீங்க என்கிறாள். ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்தவள், தயா தயா என்று கத்திக்கொண்டு வந்தவள், கோர்ட் வராந்தாவில் முதல் தடவை நீங்க என்று சொன்னபோது யாரைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அடித்தானா, குடித்தானா என்று அவள் அண்ணன் கேட்டாராம். அதெல்லாம் இல்லை என்றாளாம். பக்கத்துல இருக்கான், ஆனா இல்லை, அதை எப்படிண்ணா கோர்ட்ல எழுதறது என்றாளாம். இப்போது எழுதலாம். இப்போது நன்றாக எழுதலாம். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன், இரும்புக்குள் தலை மாட்டிக்கொண்டு தொங்கியது, அவர் பக்கத்தில்தான் இருந்தார். கடவுளே, அவள் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுத்து முகத்தைக் கழுவி, தலையைத் துவட்டி, பெஞ்சில் உட்கார வைத்து. சீ, என்ன நினைக்கிறேன். இந்த நேரத்தில்கூட நான் பெஞ்சை நினைக்கிறேன். குழந்தை வலியில் துடிக்கிறது, நான் அதை மறைக்க வழி பார்க்கிறேன். இல்லை, அப்படி இல்லை, அவள் வந்தால் நல்லது, அவள் வரட்டும், சீக்கிரம் வரட்டும், வரவே வேண்டாம், வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டரில் நிற்கட்டும். அல்லி, அம்மா வந்துருவாங்க. சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது, அழுகை கூடிவிட்டது, அம்மா அம்மா என்று உடம்பு முறுக்குகிறது, முறுக்காத கண்ணு, கழுத்து அறுபடும், முறுக்காத.

என் தோள்பட்டை தீயாக எரிகிறது. இடது கை மரத்துவிட்டது. அந்த மாணவன் என் முழங்கைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தான், சார் இப்படி வச்சுக்கோங்க என்றான், கொஞ்சம் தேவலை. ஆனால் தூக்குவது நானாகத்தான் இருக்க வேண்டும், வேறு கை பட்டால் அவள் உதறுகிறாள். எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. அழுகை மாறிவிட்டது. முதலில் இருந்த வீச்சு இல்லை. இப்போது விக்கல் மாதிரி வருகிறது, நடுவில் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன். அல்லி? அல்லி, பேசும்மா. கீழே யாராவது சொல்லுங்க, கண்ணைத் திறந்திருக்காளா? "திறந்திருக்கு சார், திறந்திருக்கு" என்று கீழேயிருந்து கொய்யாப்பழக்காரியின் குரல். அப்போது பாலம் நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் தெரியும், பாதத்தில் முதலில் வரும், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தூண் வழியாக ஏறி வரும், அதை உணர்வதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு இங்கே நின்றிருக்கிறேன், இரும்புக்கு உயிர் இருக்குடா என்று பையன்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். இன்று அது அல்லியின் தாடை எலும்பில் போய் அதிர்கிறது. அவள் பல் கிட்டிப்பது என் கைக்குத் தெரிகிறது. நிற்காதா, இந்தப் பாழாய்ப்போன இரும்பு நடுங்காமல் ஒரு நிமிஷம் நிற்காதா. பாசஞ்சர் உள்ளே வந்தது. பிரேக் கீச்சிட்டது. கதவுகளிலிருந்து ஜனம் கொட்டியது, எல்லோரும் வழக்கம்போல் பாலத்துப் படியைப் பார்த்து ஓடிவருகிறார்கள், மேலே ஏறினால் எங்களை நெருக்குவார்கள், அவள் தலை அங்கே மாட்டியிருக்க உடம்பை இங்கே யாராவது இடித்தால் என்ன ஆகும் என்று கண்முன் ஒரு படம் வந்தது, நான் என் முதுகை வளைத்து அவளை மூடினேன். "ஒருத்தரும் ஏறக் கூடாது! அப்படியே நில்லுங்க! தண்டவாளத்துல இறங்குனா கேஸ் போடுவேன்!" போலீஸ் அம்மா படியின் உச்சியில் குறுக்கே கைகளை விரித்து நின்றுவிட்டார். ஜனம் படியில் முட்டிக்கொண்டு நின்றது. முணுமுணுப்பு. அதைக் கிழித்துக்கொண்டு கீழே ஒரு குரல். "அல்லி!"

ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். நான் பட்டைகளுக்கு நடுவில் பார்த்தேன். திலகா எங்களுக்கு நேர் கீழே வந்து நின்றிருந்தாள், கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. படியைப் பார்த்து ஓடப் போனாள். ஓர் அடி வைத்தாள். "அம்மா போகாதே" என்று அல்லி கத்தினாள், அது எனக்கே தெளிவாகக் கேட்டது. திலகா நின்றுவிட்டாள். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். ஓடவில்லை. எப்படி நின்றாள்? நானாக இருந்தால் ஓடியிருப்பேன், ஓடிவந்து எல்லோரையும் தள்ளியிருப்பேன். "அம்மா எங்கேயும் போகல. அம்மா இங்கயேதான் நிக்கிறேன். என்னையே பாரு. என் மூக்கைப் பாரு." அல்லியின் முதுகு கொஞ்சம் இளகியது. என் கைக்குள் அது இளகுவதை உணர்ந்தேன். பிறகு என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. மாணவன் எடுத்து என் முகத்துக்கு அருகில் பிடித்தான். "தயா" என்றாள். நீங்க இல்லை. "தயா, நான் சொல்றதைக் கேளு. எனக்கு அவ முகம் தெரியுது. வலது காது பட்டையில மாட்டி முன்னால மடங்கியிருக்கு. இடது காது ஃப்ரீயா இருக்கு. தாடை கீழ் மூலையில உக்காந்திருக்கு. நீ நேரா பின்னால இழுக்கிற. இழுக்காத." "இழுக்கல. பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." "அவளை மேல தூக்கு. அந்தக் கட்டம் நடுவுலதான் அகலம், அங்க கொண்டு வா." தூக்கினேன். எரிந்த தோள் கத்தியது. "இன்னும். இன்னும். போதும். இப்ப முன்னால தள்ளு." எனக்குப் புரியவில்லை. "என்ன?" "முன்னால தள்ளு தயா. என் பக்கமா. காதுக்கு இடம் வேணும். தள்ளினாத்தான் காது நிமிரும்." முன்னால் என்றால் வெளியே. வெளியே என்றால் ஒன்றும் இல்லை, காற்று, அதற்குக் கீழே சிமென்ட் தரை, திலகா. இத்தனை நேரம் நான் இந்த உடம்பை என் பக்கம் பிடித்து வைத்திருந்தேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது, இப்போது அதை வெளியே தள்ளு என்கிறாள். தோளும் போய்விட்டால்? முழுசாக நழுவிவிட்டால்? கையெல்லாம் எண்ணெய். "பயமா இருக்கு திலகா." ஒரு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் நிஜமான வார்த்தை அது. போனில் ஒரு மூச்சு கேட்டது. "எனக்கும்தான். நான் கீழ இருக்கேன். தள்ளு." போலீஸ் அம்மா வந்து அல்லியின் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் தள்ளினேன். என் குழந்தையை நானே பாலத்துக்கு வெளியே தள்ளினேன். "இன்னும்." தள்ளினேன். "காது வந்துருச்சு. அல்லி, இப்ப அம்மாவைப் பாக்க வேணாம். மேல பாரு. மேகம் தெரியுதா? கறுப்பா இருக்கே அதைப் பாரு. தயா, முகத்தைத் திருப்பப் போறா, அவளோட நீயும் திரும்பு. உடம்பை வலது பக்கம் சாய். தலை எப்படி உள்ள போயிருக்குமோ அதே மாதிரி. சாய். இப்ப காதை விரலால மடிச்சுப் பிடி. நீ பாக்க முடியாது, தடவிப் பாத்துப் பிடி." ஒரு கையை அவள் அக்குளிலிருந்து எடுத்து ஓட்டைக்குள் விட்டேன். ஈரக் கன்னம். கண்ணீரா எண்ணெயா தெரியவில்லை. காது. சூடாக, வீங்கி, இத்துனூண்டு. மடித்துப் பிடித்தேன். "இப்ப பின்னால. மெதுவா. மெதுவா தயா. நிறுத்து. கொஞ்சம் திருப்பு. ஆங். வா." இரும்பு என் புறங்கையைச் சிராய்த்தது. ஏதோ ஒன்று வழுக்கியது. பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு நெற்றி வந்தது, கண் வந்தது, நான் பின்னால் விழுந்தேன், அவள் என்மேல் விழுந்தாள்.

பாலம் முழுக்கக் கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு அது எங்கோ வேறு ஊரில் நடப்பது மாதிரி இருந்தது. அல்லி என் நெஞ்சின்மேல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள், இரண்டு கன்னத்திலும் துருக் கோடு, கழுத்தில் சிவந்த வரி, வலது காது ஊதா நிறத்தில். உயிரோடு, கனமாக. திலகா படியேறி வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டு அமர்ந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் குழந்தையை எடுத்துக்கொண்டாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், விரலை அசைக்கச் சொன்னாள், எச்சில் விழுங்கச் சொன்னாள், எல்லாம் ஆன பிறகுதான் நெற்றியை அவள் நெற்றியில் வைத்து அழுதாள். போலீஸ் அம்மா தொப்பியைப் போட்டுக்கொண்டே, "ஏன் பாப்பா, அந்த ஓட்டைக்குள்ள போய்த் தலையை விடலாமா?" என்று செல்லமாக அதட்டினார். அல்லி கரகரத்த குரலில் சொன்னாள். "அப்பாகிட்ட கேட்டேன். தலையை விட்டுப் பாக்கட்டான்னு கேட்டேன். அப்பா பாருன்னாங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, எல்லோரும் இல்லை, திலகா மட்டும்தான் பார்த்தாள். நான் தேடினேன். மூளைக்குள் அந்த நிமிஷத்தைத் தேடினேன். தூண், வெயில், இலையின் நரம்பு, என் நீட்டிய விரல். பாரு, மேல பாரு, எவ்வளவு அழகா இருக்கு பாரு. சொன்னேன். பாரு என்று சொன்னேன், தூணைப் பார்த்துச் சொன்னேன், இடுப்பு உயரத்தில் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டிருக்கிறது, அந்தக் கேள்வியும் என் பாருவும் காற்றில் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டன. அவள் அப்பாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தலையை விட்டாள். நல்ல பிள்ளை. குழந்தை தெரியாமச் சொல்லுது என்று சொல்லிவிடலாம். வக்கீல் இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்வார். "சொல்லியிருக்கேன்" என்றேன். "அவ கேட்டது என் காதுல விழல. ஆனா பாருன்னு சொன்னேன்." திலகா தலையசைத்தாள். கோபமாகக்கூட இல்லை. முன்னமே தெரிந்த ஒன்றை யாரோ திரும்பச் சொன்ன மாதிரி.

டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று போலீஸ் அம்மா சொன்னார். படி இறங்கும்போது அல்லி அம்மாவின் தோளில் சாய்ந்து, "ஒண்ணுக்கு வருது" என்றாள். திலகா அவளைப் பெண்கள் ஓய்வறைக்குத் தூக்கிப் போனாள், நான் வெளியே நின்றேன். வந்ததும், "ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன். "பிடிங்க." மறுபடியும் நீங்க. பிடித்து வந்தேன். ஏறி உட்கார்ந்து அல்லியை மடியில் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இனிமே வெளிய கூட்டிட்டுப் போக வேணாம். சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. நான் இருப்பேன். நான் இருக்கும்போது பாருங்க." "கோர்ட்ல..." என்று ஆரம்பித்தேன். "கோர்ட்ல என்ன சொல்வேன்னு எனக்கே இன்னும் தெரியாது. இப்ப எதையும் கேக்காதீங்க." ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றார். திலகா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அல்லியின் கழுத்தில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டிருந்தாள். "இல்லைங்க, நீங்க கிளம்புங்க" என்றேன். ஆட்டோ வளைந்து மெயின் ரோட்டில் கலந்தது. அவள் வீட்டில் எனக்குத் தெரிந்தது வாசல் மட்டும்தான். உள்ளே சோபா இருக்குமா, நாற்காலியா? நாள் முழுக்க அதில் உட்கார்ந்து அல்லியிடம் என்ன பேசுவேன்? ஸ்கூல்ல உன் ஃப்ரெண்டு யாரு என்று கேட்கலாம். யார் என்று எனக்குத் தெரியாது. என்ன சாப்பாடு பிடிக்கும், ராத்திரி எதற்குப் பயப்படுவாள், தெரியாது. இந்த ஸ்டேஷனில் ஒவ்வொரு ரிவெட்டும் தெரியும். நான் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்க வேண்டும், ஒருவேளை அவளும் பேசாமல் இருந்துவிட்டால்? அம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு என்னை அந்நியனைப் பார்ப்பது மாதிரி பார்த்தால்? பிளாட்பாரத்துக் குழாய்க்குப் போனேன். திறந்தேன். தண்ணீரை ஏந்தினேன், கை இரண்டும் பதறிப் பதறி வாய்க்கு வருவதற்குள் எல்லாம் சிந்திவிட்டது. மறுபடியும் ஏந்தினேன். மறுபடியும் சிந்தியது. கொய்யாப்பழக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். தன் சொம்பில் தண்ணீர் பிடித்தாள். "குனிங்க சார்" என்றாள். குனிந்தேன். வாயில் ஊற்றினாள். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. "போதுமா?" என்றாள். "இன்னும் கொஞ்சம்" என்றேன்.